ஆணிகள் கிடக்கின்றன, கவனம்

2019 செப்டம்பரில் அப்பா எங்களோடு மூன்று மாதம் தங்க வந்தார். புதுக்கோட்டையில் பொதுப்பணித் துறை ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பின்வரிசையில் அப்போது ஏழெட்டு வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல் இல்லை, காரை இல்லை. மரச் சட்டங்களை நிறுத்தி, ஆணியடித்து, பலகையால் மூடுகிற வீடுகள். வந்த முதல் வாரம் அவற்றைத் தீப்பெட்டி என்றார். இரண்டாவது வாரம், மாலை நடை முடிந்து வரும்போது அவருடைய சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தொழிலாளர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போனதும் இவர் உள்ளே போய்விடுகிறார். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே எத்தனை அங்குலம், மாடிப்படியை எதில் தாங்கவைத்திருக்கிறார்கள், கழிவுநீர்க் குழாய் எந்த வழியாக இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு விளக்குவார்.

அவரைத் தடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. வீடு வாங்குவதற்கு முன்னால் நானும் கணவரும் அரைகுறையாக நின்ற எத்தனையோ வீடுகளுக்குள் அப்படிப் போயிருக்கிறோம். வாசல் எந்தத் திசை, அடுப்பு எங்கே வரும், பூஜை அறைக்கு இடம் உண்டா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போவோம். எங்களைப்போல இன்னும் நாலு குடும்பம் அங்கே நிற்கும். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை.

அக்டோபரில் ஒரு நாள், குடியிருப்பில் உள்ளவர்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் குழுவில் ஒருவர் கண்காணிப்புக் கேமரா படம் ஒன்றைப் போட்டிருந்தார். மாலை இருட்டில், கதவு பொருத்தாத வாசல் வழியாக ஒருவர் உள்ளே போகிறார். வேட்டி, ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய். என் அப்பா. படத்துக்குக் கீழே, யாரோ வீட்டுத் தாத்தா போலிருக்கிறது, பார்த்தால் ஆபத்தில்லாதவராகத் தெரிகிறார், தரையில் ஆணிகள் கிடக்கின்றன, வெறும் செருப்போடு போகிறார், தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் சிரித்தோம். அப்பாவுக்குக் கனத்த அடிப்பாகம் கொண்ட ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தோம். டிசம்பரில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அதற்கடுத்த பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை மதியம். அதே ஜார்ஜியா மாநிலம், எங்களிடமிருந்து காரில் ஐந்து மணி நேரத் தொலைவில் பிரன்ஸ்விக் நகரை ஒட்டிய சட்டில்லா ஷோர்ஸ். அங்கே கட்டுமானத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் அகமது ஆர்பெரி போனார், சில நிமிடம் நின்று பார்த்தார், எதையும் எடுக்காமல் வெளியே வந்து ஓடத் தொடங்கினார். வயது இருபத்தைந்து. கறுப்பினத்தவர். ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்து, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து தெருவில் இறந்து கிடந்தார்.

எழுபத்து நான்கு நாள்

வழக்கின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். கிரகரி மெக்மைக்கேல், அவர் மகன் டிராவிஸ் இருவரும் துப்பாக்கிகளோடு பிக்கப் வண்டியில் துரத்தினார்கள். வில்லியம் பிரையன் என்ற அக்கம்பக்கத்துக்காரர் தன் வண்டியில் பின்தொடர்ந்து, மறித்து, கைபேசியில் படமும் பிடித்தார். மூவரும் வெள்ளையர்கள். என் மனத்தில் இன்றுவரை தங்கிப்போனது, அதன் பிறகு எதுவுமே நடக்காமல் கழிந்த எழுபத்து நான்கு நாள்கள்.

ஏனென்றால் அந்த நாள்களில் குற்றச்சாட்டு இல்லாமல் இல்லை. இருந்தது. இறந்தவர்மேல் இருந்தது. ஒரு திருட்டு முயற்சியில் உங்கள் மகன் கொல்லப்பட்டார் என்றுதான் தாய் வாண்டா கூப்பர்-ஜோன்ஸுக்கு முதலில் சொல்லப்பட்டது. கிரகரி முன்னாள் போலீஸ்காரர். அந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலேயே புலனாய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன கதைதான் காவல்துறை அறிக்கையின் பெரும்பகுதி. அவரோடு பணியாற்றிய அரசு வழக்கறிஞர் ஜாக்கி ஜான்சன் வழக்கிலிருந்து விலகினார். அடுத்து வந்த ஜார்ஜ் பார்ன்ஹில், தானும் விலக வேண்டிய நிலையில் இருந்தபோதே காவல்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய மகன் ஜான்சனின் அலுவலகத்தில் வேலை செய்கிறார் என்பதைக் கண்டுபிடித்து ஆட்சேபித்தவர் அந்தத் தாய்தான். கைது செய்யக் காரணம் எதுவும் இல்லை, திருட்டுச் சந்தேக நபரைப் பிடிக்கத்தான் அவர்கள் போனார்கள், சட்டம் அதை அனுமதிக்கிறது என்றது அந்தக் கடிதம்.

அந்தச் சட்டத்தின் வயது என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனைக் கைது செய்யலாம் என்ற அந்த விதி ஜார்ஜியாவில் 1863-இல் எழுதப்பட்டது. அடிமை முறையைக் காப்பதற்காக இந்த மாநிலம் போர் செய்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்த விதியும்கூட, கண்ணெதிரே நடந்த குற்றம் அல்லது உடனடியாகத் தெரியவந்த குற்றம் என்றுதான் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பார்த்தது ஒருவர் ஓடுவதை மட்டும்தான்.

அந்தக் கடிதத்தை எழுதிய பார்ன்ஹில் காணொளியைப் பார்த்தவர் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். மே 5 அன்று அது வெளியானபோது, நாங்களெல்லாம் பார்த்துவிட்டுப் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தோமே, அதே காணொளிதான். அதை வெளியே கொடுத்ததும் மெக்மைக்கேல்களுக்கு எதிரான ஆள் அல்ல; ஊரில் பரவிய வதந்தி அடங்கும் என்று நம்பிய உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் வானொலி நிலையத்துக்குக் கொடுத்தார். அரை நிமிடச் சொச்சம் ஓடும் படம். அதைப் பார்த்துவிட்டுக் குற்றமில்லை என்று எழுத ஒருவரால் முடிந்தது. அதைக் காட்டினால் மெக்மைக்கேல்கள்மேல் பழி நீங்கும் என்று சிலரால் நம்ப முடிந்தது. படம் வெளியான மறுநாள் மாநிலப் புலனாய்வுத் துறை வழக்கை எடுத்துக்கொண்டது, அதற்கு மறுநாள் தந்தையும் மகனும் கைதானார்கள். சாட்சியம் எதுவும் புதிதாகக் கிடைக்கவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது.

கைது நடந்த அந்த வாரம்தான் அப்பாவின் கேமரா படம் எனக்கு நினைவுக்கு வந்தது. சட்டில்லா ஷோர்ஸிலும் அப்படி ஒரு கேமரா இருந்தது. அந்த வீட்டின் உரிமையாளர் வேறு ஊரில் வசித்தவர். யார் யாரோ உள்ளே வந்து போவது அவருடைய கைபேசிக்கு வரும். ஆர்பெரியும் சில முறை அதில் பதிவாகியிருந்தார். ஒரு காவலர், அந்த ஆள் கையில் கிடைத்தால் அத்துமீறி நுழையாதே என்று எச்சரித்து அனுப்பத்தான் இருந்தேன் என்று பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சட்டத்தின் பார்வையில் அவ்வளவுதான் அது. திருட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால்தான் அது பெருங்குற்றமாகும். இல்லையென்றால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துபோகும். என் அப்பாவும் ஆர்பெரியும் செய்தது ஒரே காரியம். ஒருவருடைய பாதத்தில் ஆணி குத்திவிடுமே என்று முகம் தெரியாதவர்கள் கவலைப்பட்டார்கள்.

காரணத்தைச் சொல்லாத வழக்கு

2021 நவம்பர் 24, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய நாள், தீர்ப்பு வந்தது. அந்த வார இறுதியில் நண்பர் வீட்டில் விருந்து. பேச்சு அங்கேதான் போகும் என்று தெரிந்தேதான் போனேன். ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரி, வேலை நடக்கிற வீட்டுக்குள் அவன் எதற்குப் போனான்?” கேட்டவர் நல்ல மனிதர். எங்கள் வீட்டுச் சமையலறை கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று, கூரை போடுவதற்கு முன்பே எங்களோடு உள்ளே வந்து பார்த்துச் சொன்னவர். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. தாம் போனதும் ஆர்பெரி போனதும் ஒரே செயல் என்று அவருடைய மனத்தில் ஒருபோதும் பதிந்திருக்கவில்லை.

இன்னொருவர் எழுப்பிய கேள்வி கனமானது. படம் பிடித்தவருக்கும் கொலைக் குற்றமா? பிரையன் சுடவில்லை, அவரிடம் துப்பாக்கியும் இல்லை. ஜார்ஜியா சட்டத்தில், ஒரு பெருங்குற்றத்தைச் செய்யும்போது அதன் விளைவாக ஓர் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொலைதான். மூவர்மேலும் சுமத்தப்பட்ட ஒன்பது குற்றச்சாட்டுகளில் நான்கு இந்த வகை. மீதியில், வன்மத்தோடு செய்த கொலை ஒன்று, கொடுந்தாக்குதல் இரண்டு, சட்டவிரோதமாகத் தடுத்துவைத்தது ஒன்று, அதற்கான முயற்சி ஒன்று. டிராவிஸ் ஒன்பதிலும் குற்றவாளி, கிரகரி எட்டில், பிரையன் ஆறில். ஒவ்வொருவர் செய்ததையும் ஜூரிகள் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறார்கள் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. பிரையனின் வண்டிமேல் ஆர்பெரியின் உள்ளங்கைத் தடம் இருந்தது, அவருடைய உடையின் பருத்தி இழை இருந்தது. தெருவில் ஓடிய மனிதரை வண்டியால் நெருக்கி நெருக்கித் திருப்பிவிட்டவர் வெறும் பார்வையாளர் ஆகமாட்டார். சட்டம் இந்த இடத்தில் கடுமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மனிதர் விஷயத்தில் அது தவறவில்லை என்றே அன்றும் சொன்னேன்.

என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அரசுத் தரப்பில் வாதாடிய லிண்டா டுனிகோஸ்கி விசாரணை முழுவதும் இனத்தைப் பற்றி ஏறக்குறையப் பேசவே இல்லை. இறுதி உரையில் ஒரே ஒரு இடத்தில், தெருவில் ஓடிய கறுப்பு மனிதர் என்பதால்தான் தங்கள் வாசலில் நின்றபடியே அவர்கள் முடிவெடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் பேசியதெல்லாம் வேறு: ஐந்து நிமிடத் துரத்தல், ஆர்பெரி மிரட்டவில்லை, ஆயுதம் காட்டவில்லை என்று டிராவிஸ் கூண்டில் ஒப்புக்கொண்டது, எலியைப்போல அவர் மாட்டிக்கொண்டார் என்று கிரகரி போலீஸிடம் சொன்னது. தடுத்துவைத்தோம் என்பதற்கு அவர்கள் வாயாலேயே கிடைத்த சாட்சியம் அது.

எனக்கு அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு ஜூரிகளில் பதினோரு பேர் வெள்ளையர்கள். நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கிற கவுண்டியில் இப்படி ஒரு ஜூரி. எதிர்த்தரப்பு கறுப்பு ஜூரிகளை வேண்டுமென்றே நீக்கியதாகத் தெரிகிறது என்று நீதிபதி டிமோத்தி வாம்ஸ்லியே சொல்லிவிட்டு, சட்டம் தன் கையைக் கட்டியிருக்கிறது என்று விசாரணையைத் தொடர்ந்தார். அந்தப் பதினோரு பேரையும் தற்காப்பு நிலைக்குத் தள்ளாமல் உண்மையை மட்டும் அவர்கள் கண்முன்னே வைத்தார் டுனிகோஸ்கி. வென்றார். சட்டமும் அவருக்கு வேறு வழி வைத்திருக்கவில்லை. வெறுப்பால் செய்த குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டுகிற, ஜார்ஜியாவின் பழைய வெறுப்புக் குற்றச் சட்டத்தை 2004-இலேயே மாநில உச்ச நீதிமன்றம் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. புதிய சட்டம் ஆர்பெரியின் மரணத்தால்தான் வந்தது, 2020 ஜூன் 26 அன்று. அவருடைய வழக்குக்கு அது செல்லாது. 1863-இன் கைது விதியை 2021 மே மாதம் நீக்கினார்கள். அதுவும் அவர் போன பிறகு.

ஆக, ஒன்பது குற்றச்சாட்டும் எப்படிக் கொன்றார்கள் என்பதைச் சொல்லின. ஏன் என்பதை ஒன்றும் சொல்லவில்லை. விருந்தில் என் நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, அதற்கு அந்த வெற்றிடம்தான் இடம் கொடுத்தது என்று நினைத்தேன்.

தாய் மறுத்தது

2022 ஜனவரி 7 அன்று மூவருக்கும் ஆயுள் தண்டனை. தந்தைக்கும் மகனுக்கும் பரோல் கிடையாது. பிரையனுக்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் வெறுப்புக் குற்ற வழக்கு மட்டும் மீதம் இருந்தது. அது தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஜனவரி 31 அன்று, மெக்மைக்கேல்களோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. இனத்தால்தான் செய்தோம் என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள். பதிலுக்கு முதல் முப்பது ஆண்டுகளை மாநிலச் சிறையில் கழிக்காமல் மத்தியச் சிறையில் கழிப்பார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதைத்தானே நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்? சுட்டவன் வாயிலிருந்தே காரணம் வரப்போகிறது. இனி யாரும் எதற்கு உள்ளே போனான் என்று கேட்க முடியாது. கணவரை எழுப்பிச் சொன்னேன்.

அதற்குள் வாண்டா கூப்பர்-ஜோன்ஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அரசு வழக்கறிஞர்களிடம் கெஞ்சிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. நீதிபதி லிசா காட்பி வுட் முன்னால் எழுந்து நின்று, இந்த உடன்பாட்டை ஏற்காதீர்கள் என்றார். மாநிலச் சிறை கொடியது, மத்தியச் சிறை ஓரளவு வசதியானது, அதனால்தான் அவர்கள் அதைக் கேட்கிறார்கள் என்பது அவருடைய வாதம். நீதிபதி உடன்பாட்டை ஏற்க மறுத்தார். இருவரும் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எனக்கு அந்தத் தாய்மேல் வருத்தம் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். எந்தச் சிறை என்பதா பெரிது, இந்த வாய்ப்பு இனி வருமா, ஜூரிகள் இல்லை என்று சொல்லிவிட்டால் காரணம் என்றைக்குமே பதிவாகாமல் போய்விடுமே என்று இரண்டு நாள் பொருமினேன். பிறகுதான், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, எனக்கு உறைத்தது. அந்த ஒப்புதல் யாருக்காக? என்னைப் போன்றவர்களுக்காக. சந்தேகத்தோடு கேட்பவர்களின் வாயை அடைக்க எனக்கு அது தேவைப்பட்டது. அவருக்குக் காரணம் முதல் நாளிலிருந்தே தெரியும். தன் மகனை மடக்கி, சுட்டு, கீழே போட்டவர்கள், தாங்கள் எங்கே இருப்பது என்பதைப் பேரம் பேசி வாங்குகிறார்கள். அதற்கு விலையாக, தன் மகன் ஏன் செத்தான் என்ற உண்மையைக் கொடுக்கிறார்கள். அந்த உண்மை அவர்களுடைய சொத்து அல்லவே, விற்பதற்கு? அவருடைய மறுப்பை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஊரே திருடன் என்று சொன்னபோது ஒற்றை ஆளாகக் கடிதங்களைத் துருவிப் பார்த்தவர் அவர். எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லித்தர நான் யார்?

விசாரணை நடந்தது. ஒப்புதல் வாக்குமூலத்தில் இரண்டு வரியாக முடிந்திருக்கக்கூடியது, நாள்கணக்கில் திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. டிராவிஸ் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய குறுஞ்செய்திகள், அவர்கள் செத்தால் மகிழ்ச்சி என்கிற ரீதியில் இட்ட குறிப்புகள். தன் மகள் ஒரு கறுப்பு இளைஞரோடு பழகியதை அறிந்து பிரையன் கொட்டிய வசைகள். அவற்றை இங்கே எடுத்தெழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் குற்றச்சாட்டின் வாசகம் மட்டும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதில் கொலை என்ற சொல்கூட முதன்மை இல்லை. இனத்தையும் நிறத்தையும் காரணமாகக் கொண்டு, பொதுத் தெருவைப் பயன்படுத்தும் அவருடைய உரிமையில் பலத்தால் தலையிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. தெருவில் போகும் உரிமை. எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம் என்று நூற்றாண்டுகளாகச் சண்டை நடந்த மண்ணிலிருந்து வந்தவள் நான். அந்த வாசகத்தைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பின்னாளில் மேல்முறையீட்டில், அது பொதுத் தெருதான் என்று நிரூபிக்கப்படவில்லை என்றுகூட வாதாடினார்கள்.

பிப்ரவரி 22 அன்று மூவரும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் சொன்னார்கள். ஆகஸ்டில் தந்தைக்கும் மகனுக்கும் மறுபடி ஆயுள், பிரையனுக்கு முப்பத்தைந்து ஆண்டு. மத்தியச் சிறைக்கு முதலில் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளை நீதிபதி ஏற்கவில்லை. தாய் கேட்டது கடைசியில் அவருக்குக் கிடைத்தது.

தீர்ப்பு வந்த அன்று இரவு, ஊரில் விடிந்துகொண்டிருந்த நேரம், அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டாண்டாக இந்த வழக்கைப் பற்றி அவரிடம் பேசாமல் தவிர்த்திருந்தேன். அடுத்த முறை வரும்போது மாலை நடைக்குப் போகப் பயப்படுவார் என்ற எண்ணம். அன்றைக்கு முழுவதும் சொன்னேன். வீடு, கேமரா, வண்டி, தாய், எல்லாம். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

“அந்தப் பிள்ளை என்ன வேலை பார்த்தான்?” என்றார்.

“எலெக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று இருந்தாராம் அப்பா. அதற்குத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தார். மாமாமார் அதே தொழில்தான்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாசலில் யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

“வயரிங் பார்க்கப் போயிருப்பானம்மா,” என்றார். “அந்த ஊர் வீட்டில், பலகை அடிப்பதற்கு முன்னால் போனால்தான் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியும். அடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. நானும் அதற்குத்தானே போனேன்.”